ஒரு செம்புத் தண்ணீர்

மார்ச் 3, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாற்பத்தைந்து வருடம். ஒருவன் மரியாதைக்காக இவ்வளவு காலம் பேசாமல் இருந்தால் அதை யாரும் மரியாதை என்று எடுத்துக்கொள்வதில்லை. இவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

செண்பகம் அக்காவின் புத்தகம் கூரியரில் வந்திருக்கிறது. இன்னும் அச்சுக்குப் போகாத மெய்ப்பு, நூற்று நாற்பது பக்கம். தலைப்பு ‘அம்மாவின் ஒன்பது ஜாடிகள்’. செண்பகம் என் பெரியப்பா மகள். முப்பது வருடமாகச் சென்னையில் இருந்துகொண்டு, எங்கள் தென்காசி வீட்டுச் சமையலைப் பற்றி ஒரு வார இதழில் உருகி உருகி எழுதி வருகிறாள். உருகியதையெல்லாம் சேர்த்து இப்போது புத்தகமாக ஊற்றுகிறார்கள்.

தொலைபேசியில் பேசினாள். “தம்பி, நீ படிச்சவன். ஒற்றுப்பிழை மட்டும் பாத்துச் சொல்லு. முப்பதாம் தேதி அச்சுக்குப் போகுது. சித்திரை ஒண்ணாந்தேதி திருநெல்வேலில வெளியீடு. நீ முன்வரிசைல இருக்கணும், என்ன?”

ஒற்றுப்பிழை மட்டும். இருபத்தெட்டு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அவள் ஒதுக்கிய இடம் இது. கல்லூரியிலும் இதே கதைதான். துறைத் தலைவர் நாற்காலி என்னைவிட ஆறு வயது இளையவனான ஞானதுரைக்கு. உடைந்த குடுவைகளின் பட்டியல் எனக்கு.

முதல் அத்தியாயம் நார்த்தங்காய். பதினோரு பக்கத்தில் ‘கைமணம்’ என்ற சொல் பதினான்கு முறை. அவள் அம்மா, அதாவது என் பெரியம்மையின் கையில் நான் அறிந்த மணம் இரண்டு: பெருங்காயம், சாவிக்கொத்து.

மார்ச் 5, செவ்வாய்

கிணற்று மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வருகிறேன் என்றான். வரவில்லை. களாக்காய் அத்தியாயத்தை முடித்தேன். ஒற்றுப்பிழை நாற்பத்தொன்று.

மார்ச் 6, புதன்

நெல்லிக்காய் அத்தியாயத்தில், ‘நிலா வெளிச்சத்தில் மொட்டைமாடியில் எங்களை வட்டமாக உட்காரவைத்து அம்மா மோர்ச்சோறு உருட்டிக் கொடுப்பாள்’ என்கிறாள். அது ஓட்டு வீடு. மாடி என்பதே கிடையாது. வடிவிடம் படித்துக் காட்டினேன்.

“ஓட்டு மேல ஏறி உக்காந்திருப்பாங்களோ?” என்றாள் வடிவு. பிறகு, “விடுங்க. அவங்க அம்மாவப் பத்தி அவங்க எழுதுதாங்க. ஒங்களுக்கு ஏன் எரியுது?”

ஏன் எரிகிறது என்று என் மனைவிக்கு எழுதித்தான் காட்ட வேண்டும் போல. வட்டம் உண்மைதான். அந்த வட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்களுக்கு இரண்டு வடுமாங்காய், பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, எனக்கு வடு ஊறிய உப்புநீர் ஒரு கரண்டி. அம்மா இல்லாத பையன், அப்பா தூத்துக்குடியில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். உப்புநீர் தாராளம் என்று பெரியம்மை நினைத்திருப்பாள். வடுமாங்காயை மென்று கொட்டையைத் துப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ற அனுபவத்துக்கும் இந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடைக்குமா என்று தேடினேன்.

மார்ச் 9, சனி

எழுபத்து மூன்றாம் பக்கம். அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

‘அந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் எல்லோரும் குலதெய்வத்தைக் கும்பிடச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டோம். வீட்டில் இருந்தது இரண்டே பேர். விலக்காக இருந்த உலகம்மை சித்தியும், காய்ச்சலில் படுத்திருந்த தம்பி நாயகமும். இரண்டு வாரம் கழித்து, அம்மா வடுமாங்காய் ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று படலம்! பின்கட்டில் இருக்க வேண்டிய சித்தி உள்ளே புகுந்து ஜாடியைத் தொட்டிருக்கிறாள்! பாவம், புதுப்பெண், நாக்கு கேட்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் “சித்தி கை பட்டுட்டா?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிப்போம்.’

விழுந்து விழுந்து. அந்தச் சிரிப்புக்காக ஒருத்தி பத்து மாதம் கடையத்தில் பிறந்த வீட்டில் கிடந்தாள் என்பதை எழுதவில்லை. திரும்பி வந்த பிறகும், சித்தப்பா சாகும் வரை, சாமான் அறை வாசலை அவள் தாண்ட விடவில்லை என்பதை எழுதவில்லை. அந்த வீட்டில் ஜாடி கெட்டால் எந்தப் பெண் எந்த நாளில் எங்கே நின்றாள் என்றுதான் விரல்விட்டுப் பார்ப்பார்கள். வேறு எதையும் பார்க்கமாட்டார்கள். படிப்பு வாசனையே படாத வீடு என்றால் மன்னிக்கலாம். பெரியப்பா தலைமையாசிரியர்.

மார்ச் 10, ஞாயிறு

செண்பகத்தை அழைத்தேன்.

“அக்கா, எழுபத்து மூணாம் பக்கத்த எடுத்துரு.”

“ஏன், பிழை கூடுதலா இருக்கோ?”

“அந்தப் பக்கமே பிழைதான். கை பட்டா ஊறுகாய் கெடாது. தண்ணி பட்டாத்தான் கெடும்.”

“ஏ தம்பி, இது என்ன கெமிஸ்ட்ரி புஸ்தகமா? அந்த இடத்தப் படிச்சிட்டு எங்க ஆசிரியரே சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணத் தொடச்சாராம். சித்தியவே மேடைக்குக் கூப்பிடுதேன், தெரியுமா? பட்டுச் சேல எடுத்தாச்சு. ‘ஜாடியத் தொட்ட சித்தி இவங்கதான்’னு மைக்ல சொன்னா, கைதட்டு பிச்சுக்கிட்டுப் போகும்லா!”

“சித்திகிட்ட கேட்டியா?”

“கேக்க என்ன இருக்கு? நாப்பது வருசக் கத. அவளே மறந்திருப்பா. ஆமா, நீதான அன்னைக்கு வீட்டுல கெடந்த? ஒனக்கு வேற மாதிரி ஞாபகம் இருந்தாச் சொல்லு. சேத்துக்கிடுதேன்.”

எனக்குக் காய்ச்சல் என்றேன். வைத்துவிட்டேன்.

அவளிடம் வாதாடிப் பயனில்லை. நிரூபித்துக் காட்டினால்தான் வாய் அடங்கும்.

மார்ச் 11, திங்கள்

மார்க்கெட்டில் வடு வந்துவிட்டது. காம்போடு, உருண்டையாக, இரண்டு கிலோ வாங்கினேன். கழுவி, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்பும் மஞ்சள்பொடியும் போட்டு, ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்தேன். காகிதம் ஒட்டி, ஒன்று, இரண்டு என்று எழுதினேன். முதல் புட்டி ஒழுங்காகக் குலுக்கி வைக்கப்படும். இரண்டாவதில் உப்புநீர் விட்டதும் தண்ணீர் சேர்க்கப்படும்.

வடிவு வாசற்படியில் நின்று பார்த்தாள். “கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல வெங்காயம் உரிச்சுத் தந்ததில்ல. இப்ப ஊறுகாய்க்கு நோட்டுப் போட்டு எழுதுதிய.”

மார்ச் 15, வெள்ளி

வடு சுருங்கி, போதுமான நீர் விட்டிருக்கிறது. தென்காசி ஜாடியின் கொள்ளளவுக்கு ஒரு செம்பு என்று உத்தேசமாக வைத்து, விகிதம் பார்த்து, இரண்டாம் புட்டியில் தண்ணீர் சேர்த்தேன். கிணற்றுத் தண்ணீர், கொதிக்கவைக்காதது. ஊற்றிய தண்ணீர் கனமான உப்புநீரோடு உடனே கலக்காது. மேலே தங்கும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

வடிவு கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

“யாரோ தண்ணி ஊத்தியிருக்கலாம்னு சொல்லுதிய. சரி. அது ஒரு செம்புதான்னு எப்பிடித் தெரியும்? ரெண்டு செம்பா இருக்கக் கூடாதா?”

“ஒரு ஊகம்தான்.”

“பித்தளைச் செம்பா, எவர்சில்வரா?”

“பித்தளை” என்றேன்.

தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

மார்ச் 17, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. புட்டிகளில் மாற்றம் இல்லை.

செண்பகத்தின் எட்டாம் அத்தியாயம் மாம்பழம். பெரியம்மை மாம்பழ சர்பத் செய்து கொடுத்தாளாம். சர்பத் குடித்தது வீட்டுக்கு வந்த தாசில்தார். எங்களுக்கு உதிர்ந்த பழம், அதிலும் அணில் கடித்தது. உலகம்மை சித்தி வந்த முதல் வருடம் அந்தப் பழங்களைப் பொறுக்கி, கடித்த இடத்தை அரிந்துவிட்டு, வெல்லமும் ஒரு கல் உப்பும் போட்டுக் கொட்டையோடு வேகவைத்தாள். கொட்டைகளில் பெரியதை எனக்கு எடுத்துவைத்தாள். நார் பல்லிடுக்கில் சிக்கும். சப்பச் சப்ப இனிப்பு உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும். அப்போது அவளுக்கு வயது இருபது.

உருகுவது செண்பகத்தின் தொழில். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மார்ச் 20, புதன்

இரண்டாம் புட்டியில் விளிம்பை ஒட்டி வெண்மை.

மார்ச் 22, வெள்ளி

முழுப் படலம். மூடியைத் திறந்தேன். அதே வாடை: புளித்த கள்ளும் ஈரத்துணியும் சேர்ந்தது. முதல் புட்டி பளிச்சென்று இருக்கிறது. நிரூபணம் முடிந்தது. ஞானதுரை பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாடையில் எல்லாம் நினைவுக்கு வருகிறது. பெரியம்மை ஜாடியை முற்றத்தில் கொண்டுவந்து வைத்துக் கத்தினாள். சித்தியைக் கூப்பிட்டார்கள். அவள் ஈரத்தலையைத் துண்டில் முடிந்தபடி வந்து நின்றாள். “நான் பின்கட்ட விட்டு வரல அக்கா. சாஸ்தா சத்தியமா வரல” என்றாள். “சாமியத் தூக்கிட்டு வாராளே, தீட்டோட தீட்டா” என்றாள் பெரியம்மை. பெரியப்பா செய்தித்தாளை மடிக்கவே இல்லை. சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். ஆண்களின் லட்சணம் அது. நான் தூண் பக்கம் நின்றேன். பெரியம்மை என்னைப் பார்த்தும் ஏதோ கேட்டாள். அவள் என்ன கேட்டாள் என்பது இப்போது முக்கியமில்லை.

சாயங்கால பஸ்ஸில் சித்தியைக் கடையத்துக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

இரண்டு புட்டிகளையும் பையில் வைத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். சித்தி சொன்னால்தான் செண்பகம் கேட்பாள் என்று எண்ணம். நிரூபணத்தைக் காட்டி, சித்தியை ஒரு வார்த்தை பேசவைத்தால் போதும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு போர்ஷனில் தனியாக இருக்கிறாள். பிள்ளை இல்லை. சித்தப்பா போன பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, சில வருடங்களுக்கு முன்புதான் ஓய்வு பெற்றாள். தினமும் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு. அவள் கை பட்டு ஒரு பிள்ளைக்கும் வயிறு கெட்டதாகத் தகவல் இல்லை. இதுவும் புத்தகத்தில் இல்லை.

“யாரு, நாயகமா? வா, வா. என்னப்பா இப்பிடி எளச்சுட்ட? வடிவு சோறு போடுதாளா இல்லயா?”

பன்னிரண்டரைக்கே தட்டு வைத்துவிட்டாள். மோர்ச்சோறு. ஊறுகாய்க்குக் கடையில் தொங்குகிற பாக்கெட் ஒன்றை எடுத்துக் கத்தரியால் முனையை வெட்டித் தட்டோரம் பிதுக்கினாள்.

“வீட்டுல போட்டது இல்லையா சித்தி?”

“ஜாடி வச்சாக் காவல் இருக்கணும்லா. இதுன்னா கிழிச்சமா, தின்னமா, தூரப் போட்டமா. கெட்டுப் போச்சுன்னா கம்பெனிக்காரன் பாடு.” அவளே சிரித்துக்கொண்டாள். “செண்பகம் பேசுனா. புஸ்தகத்துல என்னப் பத்தி எழுதியிருக்காளாம்லா? மாம்பழக் கலர்ல பட்டு எடுத்திருக்காளாம். மேடைல ஏறணுமாம். என்ன எழுதியிருக்கா?”

கையைக் கழுவிவிட்டு வந்து புட்டிகளை எடுத்து வைத்தேன். உப்பின் அடர்த்தி, நீர், பூஞ்சை என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். சித்தி பொறுமையாகக் கேட்டாள். இரண்டாம் புட்டியைத் திறந்து முகர்ந்தாள்.

“அக்கா ஜாடி வாசம்லா இது” என்றாள். கொஞ்ச நேரம் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “அப்ப அதத்தான் எழுதியிருக்காளா? நான் தொட்டேன்னு?”

“ஆமா.”

“அன்னைக்கு நான் தொட்டது ஒண்ணே ஒண்ணு. ஒன் சட்ட. கை முட்டு வரைக்கும் மஞ்சளா இருந்துது. நீ தூங்கிட்டுக் கெடந்த. உருவி எடுத்துக் கெணத்தடில வச்சுத் துவச்சேன். மஞ்ச, சோப்புக்கா போகும்? வெயில்ல விரிச்சுப் போட்டேன். அவங்க கோயில்லேருந்து வாரதுக்குள்ள வெளுத்துட்டு.”

அது சரிதான். மஞ்சளின் சாயம் வெளிச்சத்தில் சிதையும். மூன்றாம் வருட மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்காததற்கே பதில் சொன்னாள்.

“மூணு நாளாக் காய்ச்சல்ல கெடந்த பய. அக்கா அடிச்சா எலும்பு தாங்குமா? எனக்குன்னா ஆகலன்னா அனுப்பிவிட ஒரு வீடு இருந்துது. ஒனக்கு எந்த வீடு?”

டம்ளரில் மோர் ஊற்றினாள்.

“ஆனா நீ தலையாட்டுவன்னு நெனைக்கல, நாயகம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“மேடைக்குப் போவியளா?” என்று கேட்டேன்.

“கூப்பிட்டாப் போகணும்லா. கைதட்டுவாகளாம்.”

மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். பாவூர்சத்திரம் தாண்டிய பிறகுதான் பையில் பாதிக் கனம் குறைந்திருப்பது தெரிந்தது. முதல் புட்டியை அங்கேயே மறந்துவிட்டேன். வீட்டில் சொன்னேன்.

“மறந்தியளா?” என்றாள் வடிவு.

“மறந்துட்டேன்னு சொல்லுதேன்லா.”

“சரி. சித்தி அதத் தொடுவாங்களா?”

தெரியாது என்றேன்.

மார்ச் 25, திங்கள். பங்குனி உத்திரம்

வடிவு தன் தங்கை குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கிறாள். நான் போவதில்லை. பகுத்தறிவு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நம்புகிறார்கள்.

காலை ஒன்பது மணிக்குச் செண்பகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எட்டுப் பக்கம் வந்தது. மொட்டைமாடி, தாசில்தார், உப்புநீர்க் கரண்டி, பெரியப்பாவின் செய்தித்தாள், எல்லாம் இருந்தன. நல்ல நடை. படித்துப் பார்த்ததில், ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் வருகிறார்கள், ஒருவன் மட்டும் வரவில்லை. கிழித்தேன். இரண்டாவது மூன்று பக்கம். அதில் நாற்பத்தைந்து வருட மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டவன் எழுதியதுபோல இருந்தது. அதையும் கிழித்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்:

‘எழுபத்து மூன்றாம் பக்கத்தில் பிழை இருக்கிறது. ஜாடியைத் தொட்டது சித்தி அல்ல, வீட்டிலிருந்த பையன். காய்ச்சல் அன்று காலையே விட்டுவிட்டது. பசித்தது. பெரியம்மை வைத்துவிட்டுப் போன சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கிணற்றடியில் கை கழுவிவிட்டு, ஈரம் துடைக்காமல், ஜாடியில் முழங்கை வரை விட்டுப் பதினோரு வடு எடுத்துத் தின்றான். பதினொன்றாவது வரை நிறுத்த முடியவில்லை. மட்டம் இறங்கியது தெரியக் கூடாது என்று பித்தளைச் செம்பால் ஒரு செம்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, துணியை முன்பிருந்த மாதிரியே கட்டினான். அந்த முடிச்சில் எந்தப் பிழையும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மை அவனிடம், “ஏல, சித்தி உள்ள வந்தாளா?” என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். மிரட்டவில்லை. அவன் தலையாட்டினான்.

சித்திக்கு அன்றே எல்லாம் தெரியும். பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அவனுக்குக் கடையத்திலிருந்து முறுக்கு வாங்கி வந்தாள். அவன் அதையும் தின்றான்.

அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டாம். திருத்தி எழுது. சித்தியை மேடைக்குக் கூப்பிடுவதானால் ஜாடியைத் தொடாதவள் என்று சொல்லிக் கூப்பிடு. அதற்கும் கைதட்டுவார்கள்.

மற்றபடி ஒற்றுப்பிழைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஓரத்தில் குறித்திருக்கிறேன்.’

கடைசி வரியை அடித்தேன். அது என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. பிறகு என் நினைப்பைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கடிதத்தில் வேறு எந்த வரி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை?

வடிவு மத்தியானம் வந்தாள். நெற்றியில் விபூதி, கையில் சர்க்கரைப் பொங்கல். மேசையில் கிடந்த தாளை நின்றபடியே படித்தாள். பொங்கலை எனக்கு இலையில் வைத்தாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம்.

சாப்பிட்டு முடித்த பிறகு, “அடில பேர் போடலியே” என்றாள்.

“போடல.”

“ஏன்?”

இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அஞ்சலகத்துக்குப் போனேன். விரைவு அஞ்சல் கவுன்ட்டரில் இருந்த பெண், அனுப்புநர் பெயரும் முகவரியும் எழுதாமல் வாங்கமாட்டேன் என்றாள். “பேர் எழுதுனாத்தான் சார் போகும்.” இந்த நாட்டில் எல்லாக் கவுன்ட்டர்களிலும் நமக்கு உபதேசம் செய்ய ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். சாதாரண அஞ்சலுக்குத் தபால்தலை மட்டும் கேட்டு வாங்கி வெளியே வந்தேன். மூன்று நாளில் போய்ச் சேரும். முப்பதாம் தேதிக்கு முன் போதும்.

பெட்டிக்கு முன்னால் நின்று ஒருமுறை உறையைப் பிரித்துப் பார்த்தேன். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் காலி இடமும் இருந்தது. கோமதிநாயகம் என்று எழுத அது தாராளம்.

எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. இப்படியே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். கோழைத்தனம் என்று வடிவு நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அன்று அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர், எழுபத்து மூன்றாம் பக்கத்தில் செண்பகமே எழுதியிருக்கிறாள். இரண்டில் ஒருவரைக் கழித்துப் பார்க்கிற அளவுக்காவது அவளுக்கு அறிவு இருக்கும்.